இலவசமாகக் கிடைக்கும் பல்கலைக்கழகப் பாடத்துக்கு மதிப்பு உண்டா?

புக்கிட் மெர்தாஜாமிலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் அடையாளம் காட்டும் விவரங்களையும் நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருக்கு வயது 31. எஸ்.பி.எம். என்ற பள்ளி இறுதித் தேர்வை முடித்து, தொழில்திறன் சான்றிதழ் பெற்று, பதினோரு ஆண்டுகளாகப் பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் டெக்னிஷியனாக இருக்கிறார். கணவர் லாரி ஓட்டுநர். மகள் தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். ஒன்றரை ஆண்டாக, மகள் உறங்கிய பிறகு, அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் ‘ஓப்பன்கோர்ஸ்வேர்’ என்ற பெயரில் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கும் பாடங்களைப் படித்து வருகிறார். புரியாத இடங்களில் இந்திய ஐ.ஐ.டி.கள் என்.பி.டி.இ.எல். என்ற தளத்தில் இலவசமாகத் தரும் விரிவுரைகளைத் துணைக்கு வைத்துக்கொள்கிறார். இதுவரை பதினான்கு பாடங்களை ‘முடித்திருப்பதாக’ எழுதுகிறார்.

குழப்பம் இங்கே தொடங்குகிறது. பாடக்குறிப்புகளில் பல பக்கங்களில் படம் இருக்க வேண்டிய இடத்தில் ‘பதிப்புரிமை காரணமாகப் படம் அகற்றப்பட்டது’ என்ற வரிதான் இருக்கிறது. பணம் கட்டியவர்களுக்கு மட்டுமே முழுப் பதிப்பு கிடைக்கும், அதோடு பன்னாட்டுச் சான்றிதழும் வரும் என்று ஒரு முகவர் சொல்ல, 2,800 ரிங்கிட் தொகுப்புக்கு 300 ரிங்கிட் முன்பணம் கட்டிவிட்டார். கணவரின் அண்ணனோ, “காசில்லாமல் கிடைப்பதை எந்த முதலாளி மதிப்பான்? கடன் எடுத்தாவது முழுநேரமாகக் கல்லூரிக்குப் போ” என்கிறார். இதற்கிடையில் அந்தத் தளத்தில் நன்கொடை கேட்டு வந்த அறிவிப்பைப் பார்த்ததும் அவருக்கு மனம் உறுத்துகிறது: “யாரோ கட்டிய காசில் படிக்கிறேனா? நாளைக்கே இதை எடுத்துவிடுவார்களா?” கடைசியாக ஒன்று. தோழிகள் நால்வருடன் சேர்ந்து, கோயில் மண்டபத்தில் வார இறுதி வகுப்பு நடத்தவும், அந்தப் பாடங்களைத் தமிழில் எழுதி ஆளுக்கு மாதம் 20 ரிங்கிட் வாங்கவும் விரும்புகிறார். அது சட்டப்படி சரியா என்று கேட்கிறார்.

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கேள்விகளில் அவசரமானது முகவரின் விஷயம். அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

மீதிப் பணத்தைக் கட்டாதீர்கள்

அப்படியொரு முழுப் பதிப்பு கிடையாது. ஒரு பேராசிரியர் தம் வகுப்பில் பாடநூல் ஒன்றின் வரைபடத்தைத் திரையில் காட்டுவது வேறு. அதே வரைபடத்தை உலகில் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும்படி வெளியிடுவது வேறு. வெளியிட வேண்டுமானால் அந்தப் பதிப்பகத்தின் அனுமதி தேவை. ஆகவே ஒவ்வொரு பாடத்தையும் வெளியிடும் முன், ஊழியர்கள் பக்கம் பக்கமாகப் பார்த்து, இந்தப் படம் பேராசிரியர் வரைந்ததா பிறருடையதா என்று பிரிக்கிறார்கள். பிறருடையது என்றால் அனுமதி கேட்டு எழுதுகிறார்கள், அல்லது புதிதாக வரைகிறார்கள். இரண்டும் முடியாதபோது படத்தை எடுத்துவிட்டு, நீங்கள் பார்த்த அந்த வரியைப் போடுகிறார்கள். பல இடங்களில் அது எந்த நூலின் எத்தனையாவது படம் என்ற குறிப்பும் அருகிலேயே இருக்கும். அதை வைத்து நூலகத்தில் தேடிப் பார்க்கலாம். உங்களிடமிருந்து எதையும் ஒளித்துவைத்து விற்கவில்லை. பிறர் உரிமையை மதித்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

சான்றிதழும் அப்படித்தான். ஓப்பன்கோர்ஸ்வேர் பட்டம் தருவதில்லை, சான்றிதழ் தருவதில்லை, பட்டப்படிப்பில் கணக்கில் சேரும் கிரெடிட் புள்ளிகள் தருவதில்லை. பேராசிரியருடன் தொடர்பு கொள்ளும் வசதியும் அதில் இல்லை. பெயரைப் பதிவு செய்யாமலே படிக்கலாம் என்பதால், நீங்கள் படித்தீர்களா இல்லையா என்பதே அவர்களுக்குத் தெரியாது. “பதினான்கு பாடங்களை முடித்துவிட்டதாக அவர்களுக்கு எழுதினால் ஏதாவது கடிதம் தருவார்களா?” என்று கேட்டிருந்தீர்கள். தரமாட்டார்கள். முகவர் தருவதாகச் சொல்லும் சான்றிதழ் எங்கிருந்து வருகிறது என்று எழுத்தில் கேளுங்கள். இந்நாட்டில் ஒரு கல்வித் தகுதி அங்கீகரிக்கப்பட்டதா என்பதை மலேசியத் தகுதி நிறுவனத்தின், அதாவது எம்.கியூ.ஏ.வின், பதிவேட்டில் யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். அதில் இல்லாத சான்றிதழ் வேலை உயர்வுக்கோ மேற்படிப்புக்கோ கைகொடுக்கும் என்று நம்பிப் பணம் கட்ட வேண்டாம்.

கட்டிய 300 ரிங்கிட்டைத் திருப்பிக் கேளுங்கள். முழுப் பதிப்பு என்றும் பன்னாட்டுச் சான்றிதழ் என்றும் அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளையும் ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். ஒரு கெடு வைத்து எழுத்தில் கேட்டும் தராவிட்டால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். மனுக் கட்டணம் 5 ரிங்கிட்தான், வழக்கறிஞர் தேவையில்லை. 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும். மூன்று ஆண்டுகளுக்குள் மனு செய்ய வேண்டும். மனுவை எழுதத் தயக்கமாக இருந்தால் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தை அணுகுங்கள். அங்கே தமிழிலேயே பேசலாம்.

இந்தப் பாடங்களுக்கு யார் பணம் கொடுத்தார்கள்?

இணையத்தில் ஏற்றிவிட்டால் அப்புறம் செலவே இல்லை, அதனால்தான் இலவசமாகத் தருகிறார்கள் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அது சரியல்ல. இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். ஏனென்றால் உங்கள் மன உறுத்தலுக்கும், நாளைக்கு இது இருக்குமா என்ற பயத்துக்கும் பதில் இதற்குள்தான் இருக்கிறது.

2000ஆம் ஆண்டு வாக்கில் இணையத்தில் பாடம் விற்றுப் பெரும் வருவாய் பார்க்கலாம் என்று பல பல்கலைக்கழகங்கள் கணக்குப் போட்டன. கொலம்பியா பல்கலைக்கழகம் ‘ஃபாதம்’ என்ற நிறுவனத்தைத் தொடங்கி, 2003இல் மூடியது. எம்.ஐ.டி.யும் ஒரு குழு அமைத்து ஆராய்ந்தது. விற்பதைவிட எல்லாருக்கும் கொடுத்துவிடலாம் என்ற முடிவுக்கு வந்தார்கள். அப்போதைய தலைவர் சார்ல்ஸ் வெஸ்ட் காலத்தில், 2001 ஏப்ரலில் அறிவிப்பு வந்தது. ஹியூலெட் அறக்கட்டளையும் மெலன் அறக்கட்டளையும் சேர்ந்து முதல் கட்டத்துக்கு 1 கோடியே 10 லட்சம் டாலர் கொடுத்தன. 2002இல் 50 பாடங்கள் வெளிவந்தன, 2007க்குள் 1,800, இன்று 2,500க்கும் மேல்.

ஒரு பாடத்தை வெளியிட 10,000 முதல் 15,000 டாலர் வரை ஆகிறது என்பது அவர்களே சொன்ன கணக்கு. விரிவுரையைப் படம்பிடித்தால் அது ஏறத்தாழ இரட்டிப்பாகும். பேராசிரியர்கள் தங்கள் குறிப்புகளை விரும்பித்தான் கொடுக்கிறார்கள். செலவெல்லாம் அதற்குப் பிறகு வருவது: குறிப்புகளைத் திரட்டுவது, நான் மேலே சொன்னபடி படம் படமாக உரிமை பார்ப்பது, ஒளிப்பதிவு, பேச்சைத் திரையில் எழுத்தாகச் சேர்ப்பது, தளத்தைப் பராமரிப்பது. அறக்கட்டளைகளின் தொடக்க மானியம் என்றைக்கும் வந்துகொண்டிருக்காது. அது ஓய்ந்த பிறகு பல்கலைக்கழகம் தன் நிதியிலிருந்து ஒரு பெரும் பங்கைக் கொடுத்து, மீதியை நன்கொடையாளர்களிடமிருந்து திரட்டுகிறது. நீங்கள் பார்த்த அறிவிப்பு அதற்காகத்தான்.

நீங்கள் துணைக்கு வைத்துக்கொள்ளும் என்.பி.டி.இ.எல். வேறு வகை. 2003இல் தொடங்கிய அதை இந்திய அரசு தன் கல்வி நிதியிலிருந்து நடத்துகிறது. பாடம் இலவசம், நேரில் எழுதும் தேர்வுக்கும் சான்றிதழுக்கும் மட்டும் ஒரு பாடத்துக்கு 1,000 ரூபாய் அளவில் கட்டணம். மூன்றாவது வகையையும் தெரிந்துகொள்ளுங்கள். எம்.ஐ.டி.யும் ஹார்வர்டும் சேர்ந்து 2012இல் லாபநோக்கமின்றித் தொடங்கிய எட்எக்ஸ் தளம், 2021இல் 80 கோடி டாலருக்கு டூயூ என்ற வணிக நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. அந்த நிறுவனம் 2024இல் கடன் தாளாமல் நீதிமன்றப் பாதுகாப்புக் கேட்டது. அறக்கொடை, அரசு வரிப்பணம், வணிகம் என்ற இந்த மூன்றில் எது பின்னால் இருக்கிறது என்று தெரிந்துகொண்டால், ஒரு தளம் எவ்வளவு காலம் தாங்கும் என்பதையும் எதற்குக் கட்டணம் கேட்கும் என்பதையும் ஓரளவு ஊகிக்கலாம்.

உங்கள் பயத்திலும் நியாயம் இருக்கிறது. யூட்டா மாநிலப் பல்கலைக்கழகம் நடத்திய இதேபோன்ற திட்டம் பணமின்றி 2009இல் நின்றது. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம், காது கேளாதோருக்கும் பார்வையற்றோருக்கும் ஏற்றபடி பதிவுகளை அமைக்க வேண்டும் என்ற அரசின் கண்டிப்புக்குப் பிறகு, 20,000க்கும் மேற்பட்ட விரிவுரைப் பதிவுகளை 2017இல் பொதுமக்கள் பார்வையிலிருந்து எடுத்துவிட்டது. எம்.ஐ.டி.யின் பாடங்களுக்கு அப்படி ஆகும் என்று நான் சொல்லவில்லை. ஆனாலும் உங்களுக்குத் தேவையானவற்றை இன்றே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான பாடங்களை மொத்தமாக இறக்கும் வசதி அந்தத் தளத்திலேயே இருக்கிறது; அவர்கள் தந்திருக்கும் உரிமமும் அதை அனுமதிக்கிறது. ஒரு பென்டிரைவில் போட்டு வைத்தால் வீட்டில் இணையம் இல்லாத நாளிலும் படிக்கலாம்.

மன உறுத்தலுக்கு வருகிறேன். உங்களைப் போன்ற ஒருவர் படிக்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்தப் பணம் கொடுக்கப்பட்டது. நீங்கள் எடுத்துக்கொள்வதால் யாருக்கும் குறைவதில்லை. நன்கொடை கொடுத்தே ஆக வேண்டும் என்ற கடமையும் இல்லை. மகளின் கல்விச் சேமிப்புக்குப் போட்டது போக மிச்சம் இருந்தால் பத்து ரிங்கிட் அனுப்புங்கள். இல்லாவிட்டால், தொழிற்சாலை வேலைக்கு அந்தப் பாடம் எப்படிப் பயன்பட்டது என்று நான்கு வரி எழுதி அனுப்புங்கள். புதிய நன்கொடையாளரிடம் போய் நிற்கும்போது அவர்களுக்குப் பயன்படுவது அந்த நான்கு வரிதான்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. நம் அரசுப் பல்கலைக்கழகங்களின் பாடக்குறிப்புகள் உங்கள் வரியிலும் என் வரியிலும் உருவானவை. 2014 முதல் அவை சில பாடங்களை இணையத்தில் எல்லாருக்கும் திறந்து வைத்திருக்கின்றன, நல்ல தொடக்கம். யுனெஸ்கோ 2019 நவம்பரில் நிறைவேற்றிய பரிந்துரை, பொதுப்பணத்தில் உருவாகும் கல்வி வளங்களைத் திறந்த உரிமத்தில் வெளியிடுமாறு அரசுகளை ஊக்குவிக்கிறது. புக்கிட் மெர்தாஜாமில் இருக்கும் ஒரு தாய் மின்சுற்று படிக்க பாஸ்டன் நகரத்துக்கு அருகிலுள்ள ஒரு பல்கலைக்கழகத்தின் தயவை நாட வேண்டியிருக்கிறது. நம் பல்கலைக்கழகங்கள் நம் தொழிற்சாலைகளின் உதாரணங்களோடு பாடங்களைத் திறந்து வைத்தால், உங்களுக்கு அது இன்னும் பத்து மடங்கு பயன்படும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

படித்ததற்கு மதிப்பு உண்டா?

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்த பகுதி மூன்றாம் பக்கத்தில், போகிற போக்கில் நீங்கள் எழுதியது. மின்சுற்றுப் பலகையில் பாகங்களை ஒட்ட ஈயப்பசையை உருக்கும் அடுப்பின் வெப்பத்தைக் குறித்துவைக்கும் கட்டுப்பாட்டு வரைபடத்தில் எல்லாப் புள்ளிகளும் மேல்வரம்புக்கும் கீழ்வரம்புக்கும் உள்ளேதான் இருந்தன. வரிசையில் இருந்த மற்றவர்கள் ‘எல்லாம் சரி’ என்று கையெழுத்திட்டார்கள். நீங்கள் மட்டும், எட்டுப் புள்ளிகள் தொடர்ந்து நடுக்கோட்டுக்கு மேலேயே விழுந்திருப்பதைக் கவனித்து, பொறியாளரிடம் சொல்லியிருக்கிறீர்கள். பிரித்துப் பார்த்தபோது வெப்ப உணரி ஒன்று பிசகியிருந்தது. செயல்முறை சீராக இருந்தால் எட்டுப் புள்ளிகளும் அப்படி ஒரே பக்கமாக மேலே விழுவதற்கான வாய்ப்பு 256இல் ஒன்று என்ற கணக்கையும் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். பிறகு, “இதெல்லாம் படிப்பில் சேருமா என்று தெரியவில்லை” என்கிறீர்கள்.

சேரும், சகோதரி. கணவரின் அண்ணனுக்கு இதைத்தான் நீங்கள் சொல்ல வேண்டும். அவர் கேட்பது உங்கள் நன்மைக்காகவே. ஆனால் அவர் இரண்டு வேறு பொருள்களை ஒன்றாகப் பார்க்கிறார். அறிவு ஒன்று, அந்த அறிவு உங்களிடம் இருக்கிறது என்று மூன்றாம் நபர் உறுதி சொல்வது மற்றொன்று. முதலாவது உங்களுக்கு இலவசமாகக் கிடைத்துவிட்டது. இரண்டாவதற்குச் செலவு உண்டு. ஆனால் அதை முழுவதுமாகக் கடன் வாங்கித்தான் பெற வேண்டும் என்பதில்லை.

அதற்குமுன் உங்களிடமும் ஒரு கேள்வி. பதினான்கு பாடங்களை முடித்ததாகச் சொல்கிறீர்கள். ஆனால் பயிற்சிக் கணக்குகளைப் போட்டுப் பார்த்தது இரண்டு பாடங்களில் மட்டும் என்று நீங்களே வேறோரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் இரண்டைத்தான் முடித்திருக்கிறீர்கள். விரிவுரையைப் பார்க்கும்போது எல்லாம் புரிந்துவிட்டது போலவே இருக்கும். வெள்ளைத் தாளில் கணக்கைத் தனியாகப் போடும்போதுதான் புரிந்ததா என்று தெரியும். சோர்ந்துவிடாதீர்கள். அந்த இரண்டும் உண்மையான படிப்பு, அதன் விளைவைத்தான் அடுப்பு விஷயத்தில் பார்த்தோம்.

உற்பத்திச் செயல்முறைக் கட்டுப்பாடு பற்றிய 2.830 எண் பாடத்தில் பாதியில் திணறி நிற்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அது முதுநிலை மாணவர்களுக்கு உரியது. திணறியதில் வியப்பில்லை. 18.05 எண்ணுள்ள நிகழ்தகவு, புள்ளியியல் அறிமுகப் பாடத்தை முதலில் எடுங்கள். அதில் வாசிப்புக் குறிப்புகள், பயிற்சிக் கணக்குகள், விடைகள், பழைய தேர்வுத்தாள்கள் எல்லாம் இருக்கின்றன. விடையைப் பார்க்காமல் கணக்கைப் போட்டு, தேதி எழுதி, நோட்டில் வையுங்கள். அந்த நோட்டு உங்களுக்குப் பின்னால் வேண்டியிருக்கும்.

அங்கீகாரம் பெறும் வழி

எம்.கியூ.ஏ. நடத்தும் ‘ஏபெல்’ என்ற ஏற்பாடு உங்களைப் போன்றவர்களுக்காகவே உள்ளது. முந்தைய அனுபவக் கற்றலை மதிப்பிட்டு அங்கீகரிப்பது அதன் நோக்கம். ஏபெல்-ஏ பிரிவில், 21 வயது நிறைந்து, துறை சார்ந்த வேலை அனுபவம் உள்ளவர்கள், பல்கலைக்கழகப் புகுமுகத் தேர்வான எஸ்.டி.பி.எம். அல்லது டிப்ளோமா இல்லாமலே இளங்கலைப் பட்டப்படிப்பில் சேரத் தகுதி பெறலாம். தகுதித் தேர்வு எழுத வேண்டும். உங்கள் வேலையையும் கற்றதையும் காட்டும் கோப்பு ஒன்றையும் தயாரித்துக் கொடுக்க வேண்டும். ஏபெல்-சி பிரிவில், பட்டப்படிப்பில் சேர்ந்த பிறகு, ஏற்கெனவே தெரிந்த பாடத்துக்குத் தேர்வு எழுதியோ கோப்புக் காட்டியோ கிரெடிட் பெறலாம். எல்லாப் பாடத்துக்கும் கிடைக்காது, உச்சவரம்பு உண்டு. அதை நடத்த அனுமதி பெற்ற கல்வி நிலையத்தில்தான் கேட்க முடியும். கிடைக்கும் ஒவ்வொரு பாடமும் அந்த அளவுக்குக் கட்டணத்தையும் காலத்தையும் மிச்சப்படுத்தும்.

எம்.ஐ.டி. பாடத்தைப் பார்த்தேன் என்று சொன்னால் ஏபெலில் மதிப்பெண் கிடைக்காது. அடுப்பின் வரைபடம், உங்கள் பயிற்சி நோட்டு, பொறியாளர் எழுதித் தரும் ஒரு பக்கக் கடிதம் மூன்றும் சேர்ந்தால் பேசும். தொழிற்சாலையின் உள் ஆவணத்தை வெளியே எடுக்க அனுமதி வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள். அனுமதி கிடைக்காவிட்டால் எண்களை மாற்றி, முறையை மட்டும் விளக்கி எழுதுங்கள்.

படிக்கும் இடத்தைப் பொறுத்தவரை, வேலையை விட்டு முழுநேரக் கல்லூரிக்குப் போவதை நான் ஆதரிக்கவில்லை. பதினோரு ஆண்டுச் சம்பளமும் மூப்பும் சின்ன விஷயமல்ல. அரசின் உயர்கல்விக் கடனான பி.டி.பி.டி.என். ஆண்டுக்கு ஒரு விழுக்காடு நிர்வாகக் கட்டணம் கொண்டது, சுமை குறைவுதான். ஆனாலும் கடன் கடன்தான். வருமானம் நின்ற வீட்டில் அது இரட்டைச் சுமையாகிவிடும். பினாங்கிலேயே வாவாசான் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் வேலை செய்துகொண்டே படிப்பவர்களுக்கு ஏற்றது. இரண்டிடமும் ஏபெல் பற்றிக் கேளுங்கள், பாடவாரியாகக் கட்டணம் கட்ட முடியுமா என்று கேளுங்கள், சேர விரும்பும் படிப்பின் பெயர் எம்.கியூ.ஏ. பதிவேட்டில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள்.

பணத்துக்கு இரண்டு இடங்கள் உண்டு. உங்கள் முதலாளி மனிதவள மேம்பாட்டுக் கழகத்துக்கு ஊழியர் சம்பளக் கணக்கில் ஒரு விழுக்காடு வரி கட்டுகிறவராக இருந்தால், அந்தப் பணம் ஊழியர் பயிற்சிக்கானது. அதை உங்கள் சம்பளத்தில் பிடிக்கவும் கூடாது. அடுப்புச் சம்பவத்தைச் சொல்லி, தரக்கட்டுப்பாட்டுப் பயிற்சிக்கு அனுப்புமாறு மனிதவளப் பிரிவில் எழுத்தில் கேளுங்கள். இன்னொன்று ஊழியர் சேமநிதி. அங்கீகரிக்கப்பட்ட நிலையத்தில் டிப்ளோமாவோ அதற்கு மேலோ படிக்க, அதிலுள்ள செஜாத்தெரா என்ற கணக்கிலிருந்து எடுக்க அனுமதி உண்டு. முகவரின் தொகுப்புக்கெல்லாம் அது கிடைக்காது. அது உங்கள் முதுமைக்கான பணம் என்பதால், மற்ற வழிகள் அடைபட்ட பிறகே அதைத் தொடுங்கள்.

கோயில் மண்டபத்து வகுப்பு

இந்த எண்ணம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆனால் ‘இலவசமாகத் தந்ததை என்ன வேண்டுமானாலும் செய்யலாம்’ என்பது தவறு. ஓப்பன்கோர்ஸ்வேர் பாடங்கள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின்கீழ் வருகின்றன. அதற்கு மூன்று நிபந்தனைகள். மூலத்தைக் குறிப்பிட வேண்டும். வணிக நோக்கில் பயன்படுத்தக் கூடாது. நீங்கள் மாற்றியமைத்தோ மொழிபெயர்த்தோ வெளியிட்டால் அதையும் இதே உரிமத்தில் மற்றவர்களுக்குக் கொடுக்க வேண்டும். மொழிபெயர்க்கத் தனி அனுமதி கேட்க வேண்டியதில்லை.

ஆகவே அந்தக் குறிப்புகளைத் தமிழாக்கி, அச்சுச் செலவுக்காக ஒரு சிறு தொகை வாங்கினால் பிரச்சினை இல்லை. மாதம் 20 ரிங்கிட் வாங்கி, செலவு போக மீதியை நீங்கள் ஐவரும் பங்கிட்டுக்கொண்டால் அது லாபம். உரிமம் அதை அனுமதிக்காது. வருமானம் வேண்டுமென்றால், பாடத்தை உள்வாங்கி உங்கள் சொந்த நடையில், உங்கள் தொழிற்சாலை உதாரணங்களோடு புதிதாக எழுதுங்கள். நமது 1987 பதிப்புரிமைச் சட்டம் கருத்துக்கும் செய்முறைக்கும் கணிதக் கோட்பாட்டுக்கும் பாதுகாப்புத் தருவதில்லை. எழுதப்பட்ட வடிவத்துக்குத்தான் தருகிறது. மின்சாரப் பாடத்தின் ஓம் விதி எல்லாருக்கும் பொது. ஆனால் கட்டணம் வாங்கி டியூஷன் மையமாக நடத்துவதென்றால் மாநிலக் கல்வி இலாகாவில் பதிவு செய்ய வேண்டும். முதல் ஆண்டு அந்த வழிக்குப் போகாதீர்கள் என்பது என் யோசனை. நகலெடுக்கும் செலவை மட்டும் வாங்கி, பத்துப் பேரோடு தொடங்குங்கள். ஏபெல் கோப்பில், வகுப்பு நடத்திய அனுபவமும் இடம்பெறலாம்.

எழுத உட்காரும் முன் என்.பி.டி.இ.எல். தளத்தில் தமிழில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பல பாடங்களின் விரிவுரை உரைகளைத் தமிழிலும் மொழிபெயர்த்திருக்கிறார்கள். அதே பாடத்தை மறுபடி எழுதி இரவுகளை வீணாக்க வேண்டாம். ‘படம் அகற்றப்பட்டது’ என்ற இடங்களை நிரப்ப, பாடநூல் படத்தைக் கைப்பேசியில் பிடித்து ஒட்டிவிடாதீர்கள், நீங்களே வரையுங்கள். சில படங்களுக்கு அடியில், இது இந்த உரிமத்தில் சேராது என்ற குறிப்பு இருக்கும். அவற்றையும் விட்டுவிடுங்கள்.

எம்.ஐ.டி. உங்கள் வகுப்பை அங்கீகரித்தது போன்ற தோற்றம் எங்கும் வரக் கூடாது. அவர்களின் சின்னத்தைப் பதாகையில் போடாதீர்கள். குறிப்புகளின் முதல் பக்கத்தில் பாடத்தின் எண், பெயர், பேராசிரியரின் பெயர், பாடம் நடத்தப்பட்ட ஆண்டு, தளத்தின் பெயர், உரிமத்தின் பெயர் ஆகியவற்றை எழுதுங்கள். அடியில், ‘தமிழாக்கம் எங்களுடையது, எம்.ஐ.டி. இதைச் சரிபார்க்கவில்லை, பிழைகளுக்கு நாங்களே பொறுப்பு, இதே உரிமத்தில் யாரும் நகலெடுத்துக்கொள்ளலாம்’ என்று சேருங்கள். முதல் பாடம் தயாரானதும் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். சுங்கைப் பட்டாணியிலிருந்தும் ஈப்போவிலிருந்தும் இதே கேள்வியோடு எழுதும் வாசகர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு அனுப்பிவைக்கிறேன்.